புலன்களைப் பற்றி வரலாறு, இலக்கிய மாணவர்கள் ஏன் படிக்கிறார்கள்?

ஒரு சமூகம் எதைப் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, அதற்கு என்ன பொருள் கொடுத்தது என்று படிப்பதுதான் புலன் ஆய்வு. அது உயிரியல்காரர்கள் வேலையாயிற்றே என்று தோன்றலாம். சரி, காதின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்கப் பழகும் விதம் ஒன்றல்ல. இன்ஜின் சத்தம் நமக்கு வெறும் இரைச்சல். மெக்கானிக்குக்கோ எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்ற செய்தி. காலமும் சமூகமும் மனிதர்களை இப்படித்தான் பழக்குகின்றன.

1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி கழிவுநீரால் நாறியது. கெட்ட வாடைதான் காலராவைப் பரப்புகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்தப் பயமும் சேர்ந்துதான் புதிய கழிவுநீர் வடிகால்களுக்கு நாடாளுமன்றத்தைச் சட்டம் போட வைத்தது. மூக்கை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதவே முடியாது! ஆனால் பழைய வாடை ஆவணக் காப்பகத்தில் இருக்காது. கடிதம், புகார் மனு, கவிதை என்று மாணவர்கள் சுற்றி வளைத்துத்தான் தேட வேண்டும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஆலன் கோர்பன் 1982-இல் நாற்றத்தையும் நறுமணத்தையும் வைத்தே ஒரு முழு நூல் எழுதினார்.

ஐம்புலன் கணக்கு உலகம் முழுக்கப் பொது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் ஆன்லோ-ஏவே மக்களிடம், விழாமல் நிற்க உதவும் உடலின் சமநிலை உணர்வுக்கும் ஒரு புலனாக முக்கிய இடம் உண்டு.