டயர் மாற்றியதும் டைனோவில் 2 குதிரைத்திறன் குறைந்தது ஏன்?

இன்ஜினைப் பிரிக்காதீர்கள். கேடிஎம் 390 ட்யூக் பைக்கில் 150/60 அளவுப் பின்டயரைக் கழற்றி 160/60 போட்டதும் 2 குதிரைத்திறன் குறைந்ததென்றால், முதல் சந்தேகம் டயர் மேல்தான்.

டைனோ என்பது பின்சக்கரத்தை ஓர் உருளை மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி; அது அளப்பது உருளை வரை வந்துசேரும் திறனைத்தான். கனமான டயரை வேகமெடுக்க வைப்பதிலேயே கொஞ்சம் போய்விடும். காற்று குறைவாக இருந்தால் ரப்பர் நசுங்கி நசுங்கிச் சூடாகி இன்னும் கொஞ்சம் போகும். பைக்கை டைனோவோடு கட்டிவைக்கும் பெல்ட்டை ரொம்ப இழுத்துக் கட்டினாலும் இதே கதைதான்.

1. காற்றழுத்தம், கியர், பெல்ட் இறுக்கம் மூன்றையும் முதல் தடவை இருந்தபடியே வைத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

2. அப்புறம் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) உருளை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே கியரில் அந்த விகிதம் மாறக்கூடாது. பவர் ஏறும் இடத்தில் அதுவும் ஏறினால் டயர் வழுக்குகிறது, இல்லையென்றால் கிளட்ச்.

டார்க் (முறுக்குவிசை) எண்ணை மட்டும் உடனே நம்ப வேண்டாம். 160/60-இன் விட்டம் சுமார் 2% அதிகம். ஆர்பிஎம்மை இன்ஜினிலிருந்து எடுக்காமல், பழைய கியர் விகிதத்தை வைத்து உருளை வேகத்திலிருந்து கணக்கிட்டிருந்தால், டார்க் அதே அளவு குறைவாகத் தெரியும். குதிரைத்திறன் இதனால் மாறாது.

இரண்டு ஓட்டமும் வேறு வேறு டைனோவில் என்றால், இந்த ஒப்பீட்டையே விட்டுவிடுங்கள்.