நேர்ஸ் தட்டுப்பாடு என்கிறார்கள், படிக்க இடமில்லை என்கிறார்களே?

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் நேர்சிங் டிப்ளோமா முடித்து, பெரியாஸ்பத்திரியில் வேலையும் பார்த்துவிட்டு நியூ ஜேர்சிக்கு வந்து, இங்கே முதலிலிருந்து படிக்கலாமென்று விண்ணப்பித்தால் இடமில்லை என்கிறார்கள், நேர்ஸ் இல்லை இல்லை என்று கத்துகிற நாட்டில் இது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறீர்கள். கூத்துத்தான்.

படிக்க ஆள் இருக்கு, படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. 2023இல் அமெரிக்க நேர்சிங் கல்லூரிகள் தகுதியான 65,766 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின என்று அந்தக் கல்லூரிகளின் சங்கமே சொன்னது. ஒருவரே நாலு இடத்துக்குப் போட்டிருப்பார், அதனால் அத்தனை ஆட்கள் என்று எடுக்க வேண்டாம். பயிற்சிக்கு ஆஸ்பத்திரி வோட் கிடைக்காததும் ஒரு காரணம், ஆனால் பெரிய இடறல் ஆசிரியர்தான். காலை மருந்து நேரத்தில் பாருங்கள், ஒவ்வொரு மாணவியும் இன்சுலினை ஊசியில் இழுத்துக் காட்ட, ஆசிரியை அளவைப் பார்த்து, நோயாளியின் கைப்பட்டியைச் சரிபார்த்து, ஏற்றி முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். பல இடங்களில் ஒரு ஆசிரியைக்கு எட்டு, பத்துப் பேர்தான். இருபது பேரை ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது?

படிப்பிக்கப் பொதுவாகக் குறைந்தது முதுகலைப் பட்டம் வேண்டும், நிரந்தரப் பதவிக்குப் பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் கேட்பார்கள். அதே அளவு படிப்போடு நேர்ஸ் பிராக்டிஷனராக (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நேர்ஸ்) போனால் கூடச் சம்பளம், பிறகு யார் வருவார்? இருப்பவர்களிலும் நிறையப் பேர் ஓய்வு பெறும் வயதில். ஊரிலும் இதே கதைதான், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை அனுபவசாலிகள் வெளிக்கிட்டார்கள், புதுசாக வோட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு யார் கைபிடித்துக் காட்டுவது? (நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருந்துகொண்டு இதைப் பேசுவதும் ஒரு மாதிரித்தான்.)

சரி, உங்கள் விஷயம். அந்த வரிசையில் ஏன் நிற்கிறீர்கள்? ஊரில் அரசாங்கம் கொடுப்பனவு தந்து படிப்பித்ததை இங்கே கடன்பட்டுத் திரும்பப் படிக்க வேண்டாம். டிப்ளோமாவை மதிப்பீடு செய்வித்து, மாநில தாதியர் சபைக்கு விண்ணப்பித்து, நேர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் (NCLEX) பரீட்சையை எழுதுங்கள். கணினியில் 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணித்தியாலம். ஏதாவது பாடத்தில் மணித்தியாலம் குறைகிறது என்று சொன்னால் அதை மட்டும் படித்தால் போதும். வேலை கிடைத்தபின் பட்டம், முதுகலை என்று போய்ப் படிப்பிக்க வாருங்கள், சம்பளம் குறைவு, ஆனால் உங்களைப் போல வோட் தெரிந்த ஆள் இங்கே வேண்டும்.

இழுபடப்போவது மதிப்பெண் பத்திரம்தான். கல்லூரியே நேரே அனுப்ப வேண்டும், உங்கள் கையிலிருக்கும் பிரதி எடுபடாது. ஊரில் தம்பியோ மாமியோ இருந்தால் கல்லூரிக் கந்தோருக்கு நேரில் போகச் சொல்லுங்கள், கிழமைக்கு ஒருக்கா போய்க் கேட்டால்தான் கோப்பு மேசையை விட்டு அசையும்.