பேரைக் கேட்காதீர்கள், வைரத்தைப் பாருங்கள்: வெளிவேலை மரம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்து வீடு. வாசலில் 12 அடிக்கு 10 அடியில் கொடிப்பந்தல் ஒன்று மரத்தில் போட வேண்டும். தோட்டத்தில் சில்வர் ஓக் நிறைய நிற்கிறது. அதையே அறுத்துப் போட்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. சில்வர் ஓக் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் நட்ட மரம். பிளைவுட், பேக்கிங் பெட்டி, வீட்டுக்குள் சீலிங் பலகை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மழையில் நனைந்து பனியில் ஊறி நிற்கும் வேலைக்கு அது தாங்காது. அதிலும் அடி மண்ணில் பட்டால் சில மழைக்காலங்களிலேயே இற்றுவிடும்.

மரத்தைக் கெடுப்பவை மூன்று. கரையான் அரிக்கும், வண்டு உளுக்க வைக்கும், பூஞ்சை இற வைக்கும். சேலத்தில் முதல் கவலை கரையான். ஏற்காட்டில் முதல் கவலை பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியில் நிற்கிற கட்டை அந்த அளவுக்குக் காய நாளாகும். சேலத்தில் மழை விட்டு இரண்டு வெயிலில் காய்கிற அதே கட்டை மேலே வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆகவே ‘எங்கள் சேலத்து வீட்டில் பத்து வருஷமாக நிற்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணக்கு மலைக்குச் செல்லாது.

மரம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 401 ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் சதுரக் கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்துப் பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் என்றால் இரண்டாம் வகுப்பு, அதற்கும் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு, சால், கோங்கு முதல் வகுப்பு. மாமரமும் இலவும் மூன்றாம் வகுப்பு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: சோதனை வைரத்துக்கு, அதாவது மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதிக்கு, மட்டும்தான். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி எந்த மரத்தில் இருந்தாலும் சீக்கிரம் கெடும். தேக்கின் வெள்ளையும் அப்படித்தான்.

உங்கள் பந்தலுக்குக் கணக்கு: 4×4 அங்குலத் தூண் 8 அடியில் நான்கு (3.6 கன அடி), 6×3 உத்திரம் 12 அடியில் இரண்டு (3 கன அடி), மேலே இரண்டடிக்கு ஒன்றாக 4×2 வாரை 11 அடியில் ஏழு (4.3 கன அடி). மொத்தம் 11 கன அடிக்குச் சற்றுக் குறைவு. கழிவு சேர்த்து 12 கன அடி வாங்குங்கள். பணம் இடித்தால் தூணுக்கும் உத்திரத்துக்கும் மட்டும் வைரத் தேக்கோ வேங்கையோ போட்டு, கழற்றி மாற்றக்கூடிய மேல் வாரைகளில் சிக்கனம் பாருங்கள். தூணில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சில்வர் ஓக்கை வேறு வேலைக்கு வெட்டுவதாக இருந்தாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு ஒரு விதி, வெட்டியதை வண்டியில் ஏற்றிக் கொண்டு போவதற்கு வேறொரு விதி.

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டி. மொட்டை மாடிக்கு இரண்டு பெஞ்சும் ஒரு கைப்பிடியும் செய்யத் தேக்கு தேடுகிறேன். நாட்டுத் தேக்கு, நிலம்பூர், பர்மா, கானா, ஆப்பிரிக்கா தேக்கு என்று கடைக்கு ஒரு பேர் சொல்கிறார்கள். விலையும் எங்கெங்கோ போகிறது. எதை நம்புவது?

பதில்: நாட்டுத் தேக்கு, நிலம்பூர், பர்மா, கானா என்பதெல்லாம் ஊர்ப் பேர்கள்தான், மரம் ஒன்றே. வேறுபாடு வயதிலும் வளர்ந்த விதத்திலும் இருக்கிறது. ‘ஆப்பிரிக்கா தேக்கு’ என்ற பேரில்தான் சிக்கல். ஆப்பிரிக்காவில் நட்டு வளர்த்த அசல் தேக்காகவும் இருக்கலாம், ஐரோக்கோ என்ற வேறு மரமாகவும் இருக்கலாம். ஐரோக்கோ வெளிவேலைக்கு மோசமில்லை. ஆனால் அதற்குத் தேக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ரசீதில் தேக்கின் தாவரவியல் பேரான ‘டெக்டோனா கிராண்டிஸ்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு பேரை மறந்துவிட்டு பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். முனையில் சிவப்புக் காவியோ பெயின்ட்டோ பூசியிருப்பார்கள். வெடிக்காமல் இருக்கப் பூசுவது நியாயமான பழக்கம்தான். ஆனால் அதே பூச்சு வெள்ளையையும் மறைத்துவிடும். அரை அங்குலம் அறுத்துத் தள்ளச் சொல்லி, புது முனையைக் கூர்மையான உளியால் ஒரு சீவு சீவுங்கள். தேக்கென்றால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசிக்குத்து மாதிரி பெரிய துளைகள் வரிசை கட்டியிருக்கும். கண்ணாடி இல்லாமலே தெரியும். சீவல் புதுத்தோல் வாடை அடிக்கும், விரலில் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்டும்.

இப்போது ஓரத்தைப் பாருங்கள். 6×2 பலகையில் ஒரு பக்கம் வெளிர் மஞ்சளாக அரை அங்குலப் பட்டை ஓடினால் அது வெள்ளை. ‘பாலிஷ் போட்டால் ஒரே நிறமாகிவிடும் சார்’ என்பார்கள். நிறம் ஒன்றாகும், ஆயுள் ஒன்றாகாது. அந்த அரை அங்குலத்தைக் கழித்து ஐந்தரை அங்குலத்துக்கு விலை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பலகை எடுங்கள். நட்டுப் பதினைந்து வருஷத்துக்குள் வெட்டிய தோட்டத் தேக்கில் வைரம் நடுவில் கொஞ்சமாகவே இருக்கும். மரத்தில் இயல்பாக ஊறும் எண்ணெயும் குறைவு. வீட்டுக்குள் நாற்காலிக்கு அது போதும். மாடி வெயிலுக்கும் மழைக்கும் போதாது.

எடையும் ஒரு சாட்சி. காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18, 19 கிலோ வரும். 25 கிலோ காட்டினால் ஈரம் போகவில்லை, அல்லது தேக்கே இல்லை. ஈரமானி வைத்திருக்கும் கடையானால் ஊசியைப் பலகையின் மேல்பரப்பில் குத்தாமல், புதிதாக அறுத்த முனையின் நடுவில் குத்தச் சொல்லுங்கள். வெளியே 12 சதவீதம் காட்டும் பலகை உள்ளே 25 சதவீதம் காட்டலாம். மானி இல்லையென்றால் ஒரு துண்டு வாங்கிவந்து எடை போடுங்கள். 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓவனில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வந்ததும் மறுபடி போடுங்கள். 230 கிராம் 200 ஆனால், குறைந்த 30-ஐ 200-ஆல் வகுத்து 15 சதவீதம். வெளிவேலைக்கு அது போதுமான காய்ச்சல்.

கேள்வி: வேங்கை என்று சொல்லிக் கொடுத்த தூண்கள் அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஒரு பிடி இழைப்புச் சுருளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பழுப்பாகும். வெயிலில், கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்து ஓரமாகப் பார்த்தால் நீலச் சாயல் மின்னும். சர்க்கரைக்கு நல்லது என்று வேங்கைக் குவளை விற்பவர்கள் காட்டும் அதே நிறம்தான். நீலமே தெரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தெரிந்தால் அது வேங்கை இனம் என்றுதான் பொருள். அதே இனத்துப் படாக் மரமும் இப்படிக் காட்டும். படாக்கும் நல்ல மரமே, அதனால் பெரிய நஷ்டமில்லை.

கேள்வி: ஓமலூர். கார் நிறுத்தும் கொட்டகைக்கு நல்ல தேக்குத் தூண்தான் போட்டோம். இரண்டடி ஆழம் கான்கிரீட்டில் இறக்கி நிறுத்தினார் கொத்தனார். நான்கே வருஷத்தில் தரை மட்டத்தில் இற்று ஆடுகிறது. மரம் ஏமாற்றா?

பதில்: மரத்தின் மீது மட்டும் பழி போட முடியாது. வெள்ளை கலந்திருந்தால் சீக்கிரம் போயிருக்கும், ஆனால் முக்கியக் குற்றவாளி அந்தக் கான்கிரீட்தான். ஊற்றும்போது தூண் ஈரத்தில் உப்பியிருக்கும். கோடையில் மரம் சுருங்கும், கான்கிரீட் சுருங்காது. சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விழும். அடுத்த மழையில் அந்த இடைவெளி தண்ணீர் நிரம்பிய குவளையாகிவிடும். கீழே வடிய வழியில்லை, மேலே காற்று படாததால் காயவும் வழியில்லை. தரை மட்டத்தில் மட்டும் இற்றதற்கும் காரணம் உண்டு. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. உயரத்தில் காற்று உண்டு, ஈரம் தங்காது. இரண்டும் சேரும் இடம் தரையை ஒட்டிய அந்த நாலு விரல்தான்.

கூரையைத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். ஸ்குரூடிரைவரால் தூணைக் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டே வாருங்கள். முனை உள்ளே இறங்காமல் எதிர்க்கிற இடம் வந்ததும் அதற்கு மேலும் அரையடி தள்ளி அறுத்துவிடுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டிப் போயிருக்கும். பழைய கான்கிரீட் மேல் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்து, உருகிய துத்தநாகத்தில் முக்கிக் கால்வனைஸ் செய்த ஷூவை (தூணின் அடியைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கால்) பதியுங்கள். தூணின் அடி, கான்கிரீட்டைத் தொடாமல் நான்கு அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். அறுத்த அடிமுனைக்கு எப்போக்சி இரண்டு கோட். மரம் தண்ணீரை உறிஞ்சுவது பக்கவாட்டைவிட முனை வழியாகத்தான் மிக அதிகம். தூணுக்கு 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. ஆணியும் திருகும் 304 ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு கறுப்பு இரும்பாணி அடித்து மரத்தைக் கறையாக்குவானேன்?

கேள்வி: பச்சை நிறம் ஏறிய பைன் கட்டைகள் ‘ட்ரீட்டட், கரையான் வராது’ என்று மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேலியும் பந்தலும் போட வாங்கலாம், இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால். பைன் தானாகத் தாங்காத மரம். ஆனால் மருந்தை நன்றாகக் குடிக்கும். அழுத்தத்தில் ஏற்றிய மருந்தா, வெறுமனே முக்கி எடுத்ததா என்பதுதான் கேள்வி. கட்டையின் நடுவில் அறுக்கச் சொல்லுங்கள். முனையில் ஆழமாகவும் நடுவில் தோல் கனத்துக்கு மட்டும் பச்சையாகவும் இருந்தால் முக்கியதுதான். நீங்கள் பின்னால் அறுக்கும் ஒவ்வொரு முனையும் மருந்தில்லாத புது மரம். அங்கே தூரிகையால் மருந்து பூசியே தீர வேண்டும்.

அடுத்தது, பச்சை தருவது தாமிரம். கூடவே குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சிசிஏ மருந்தா என்று கேளுங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் அதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் ஊஞ்சல், சாப்பாட்டு மேசை, கீரைப் பாத்தி ஓரம், கோழிக்கூண்டு ஆகியவற்றுக்கு வேண்டாம். அறுக்கும்போது முகக்கவசம் கட்டுங்கள். மிச்சத் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும்.

போராக்ஸ் மருந்து போட்டது என்றால் வீட்டுக்குள் மட்டும். மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும்.

கேள்வி: பழைய என்ஜின் ஆயில் பூசினால் போதும் என்கிறாரே மெக்கானிக்?

பதில்: மேலாக நிற்கும், உள்ளே போகாது. கையிலும் துணியிலும் ஒட்டும், மண்ணைக் கெடுக்கும். பணம் மிச்சம் என்று சொல்லும்படி அதில் எதுவும் இல்லை.

கேள்வி: சேலத்தில் செய்து ஏற்றிக்கொண்டு போன தோட்டக் கதவு ஏற்காட்டில் ஆடி மாதம் பிடித்துக்கொள்கிறது. இழைத்துவிடலாமா?

பதில்: இப்போது இழைக்காதீர்கள், கோடையில் இடைவெளி விழும். சேலத்து வெயிலில் காய்ந்த மரம் மேலே ஈரம் ஏறி உப்பியிருக்கிறது. ஆறு அங்குலத் தேக்குப் பலகை, ஈரம் ஆறு சதவீதம் கூடினால் அகலத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் விரியும். ஆறு பலகைக் கதவுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பலகைக்குப் பலகை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடம் விட்டுச் செய்திருக்க வேண்டும். மார்ச்சில் கழற்றி அப்படி மாற்றிப் பூட்டுங்கள்.

கேள்வி: ஆத்தூர். 4×1½ அங்குலம், 10 அடிப் பலகை 30 வாங்கினேன். ரசீதில் 12½ கன அடி. வீட்டில் அளந்தால் 3 அங்குலம் 5 நூல் அகலம், ஒண்ணேகால் கனம். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பலகையைத் தடவிப் பாருங்கள். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ரசீதுக் கணக்கு சரி: 4×1½×10÷144, முப்பது பலகைக்கு 12.5. நீங்கள் அளந்தபடி 9.4 கன அடிதான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு இல்லை.

நான்கு பக்கமும் இழைத்து வழவழப்பாக வந்திருந்தால், பக்கத்துக்கு ஒரு நூல் போவது வழக்கம். 4×1½ என்பது 3 அங்குலம் 6 நூலும் ஒண்ணேகாலும் ஆகும். உங்களுக்கு அகலத்தில் ஒரு நூல்தான் குறைவு, அதற்காகக் கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். ஆனால் மில் ரம்பத்தின் தடம் அப்படியே சொரசொரப்பாக இருந்தால், அறுக்கும்போதே சின்னதாக அறுத்துப் பெரிய அளவுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். இழைத்தால் இன்னும் இளைக்கும்.

அப்படியானால் பலகையில் கை வைக்காமல், டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை; இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீதில் மரத்தின் பேர், எண்ணிக்கை, அளவு, கன அடி, விலை ஐந்தும் இருந்தால்தான் வழக்கு நிற்கும். ‘மரம் வகைக்கு’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: வாழப்பாடியில் இடித்த பழைய ஓட்டு வீட்டின் பனை வாரைகள் கிடைக்கின்றன. மாட்டுக்கொட்டகைக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். கறுத்து, ஆணி இறங்காத அளவுக்கு வைரம் பாய்ந்ததாகப் பொறுக்குங்கள். பனையில் வைரம் வெளிப்பக்கம், உள்பக்கம் மெத்தென்ற சோறு. சோறு ஒட்டியிருந்தால் செதுக்கி எடுத்துவிடுங்கள், அதில்தான் ஈரம் தங்கும், உளு விழும். சுவரில் செருகியிருந்த முனைகள் இரண்டையும் ஒவ்வோர் அடி அறுத்துத் தள்ளிவிட்டு, மிஞ்சும் நீளத்தை அளந்து விலை பேசுங்கள்.