நேரம் இருந்தும் பின்னேரம் தெம்பு இல்லாமல் போவது ஏன்?

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பறித்த கொழுந்தை நிறுத்து, லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு நேரம் இருந்தும் ஒரு வேலையும் ஓடாதது ஏன் என்பதே கேள்வி. இங்கே பங்கிட வேண்டியது தெம்பை. எந்த வேலைக்கு எந்த நேரத்தில் உடம்பு ஒத்துழைக்கும் என்று பார்த்து ஒதுக்குவதுதான் அது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் களைப்பூட்டும் ஒரு பொருள் மூளையில் சேர்கிறது, தூங்கினால்தான் குறையும். போதாததற்கு, உடம்பின் கடிகாரமும் பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கொஞ்சம் மந்தமாகிறது. பகல் சாப்பாட்டை விட்டாலும் இந்தச் சோர்வு வரும்.

ஊற்றுத் தண்ணீர் இரவெல்லாம் சொட்டி நிரம்பும் தாங்கியை நினையுங்கள். காலையிலேயே எல்லாப் பைப்பையும் திறந்தால் பகலுக்குள் காலி. தெம்பும் அப்படித்தான். ஆகவே சீட்டுக் கணக்கு, விண்ணப்பம் நிரப்புவது போன்ற மூளை வேலையை லீவு நாள் காலையில் வையுங்கள். துணி மடிப்பதைப் பின்னேரம் செய்யலாம்.

சாப்பாடும் முக்கியம். கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டும் என்றால் சீக்கிரம் பசிக்கும்; பருப்போ முட்டையோ சேருங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்துக் குறைவு பெண்களிடம் அதிகம். தூங்கி எழுந்தும் வாரக்கணக்கில் களைப்பு என்றால் இரத்தம் சோதிக்க வேண்டும், சோம்பல் என்று ஏசக்கூடாது.

சாயம் கூடிய தேத்தண்ணி தெம்பு தரும் என்று பலர் நம்புகிறார்கள். அதிலுள்ள கஃபீன் களைப்பைத் தற்காலிகமாக மறைக்கிறதே தவிரப் போக்குவதில்லை, பொழுதுசாயக் குடித்தால் இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும்.