கான்கிரீட் கூரை இருந்தாலே நல்ல வீடா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. அதனால் ஊரில் எல்லாரும் "உங்களுக்கென்ன, நல்ல வீடு" என்கிறார்கள். ஆனால் கூரையின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறோம். வீடு நல்லதா இல்லையா என்று எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?
— ஒரு வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, நம் மாவட்டக் கடலோரத்தில் கட்டட வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்பி துருவேறிய கான்கிரீட் வீட்டைவிட, ஒழுங்காகப் பராமரித்த ஓட்டு வீடு எவ்வளவோ பாதுகாப்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுவர், கூரை, தரை எதனால் ஆனவை என்பது ஒரு கேள்வி. வீட்டின் நிலை வேறு கேள்வி. பழுது பார்க்கத் தேவையில்லை என்றால் 'நன்று', சிறு பழுது என்றால் 'வாழத்தக்கது', பெரிய பழுது என்றால் 'சிதிலம்'. இந்த நிலையை வீட்டில் இருப்பவரிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். ஆகவே கான்கிரீட் வீட்டைப் போய்ச் சிதிலம் என்பதா என்று கூச்சப்படாதீர்கள். கணக்கெடுக்க வருபவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தத் துரு எந்தக் கணக்கிலும் வராது.

இடமும் போதாது. ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் இட நெருக்கடி என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் அளவுகோல். நல்ல தண்ணீர், கழிப்பறை, உறுதியான கட்டுமானம், வீட்டைவிட்டுத் துரத்தப்படாத உரிமை ஆகியவற்றையும் அது பார்க்கிறது.

அப்புறம் அந்தக் கம்பி. உப்புக்காற்றும், கழுவாத கடல் மணலும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பல வீடுகளில் அதில் பாதிகூட இருப்பதில்லை, வருத்தமாக இருக்கிறது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நம் ஊர்க் கூரைகள் ஆண்டுக்கு இருமுறை நனைகின்றன. விரிசல் இருந்தால் துரு நிற்காது.

சிறு சுத்தியலால் கூரையின் அடியில் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்கும் இடமெல்லாம் உள்ளே பிரிந்திருக்கிறது. அந்த இடத்துக்குக் கீழே குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். மேலே சிமெண்ட் பூசி மூடினால் போதும் என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உளுத்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் கலவை போட வேண்டும். கம்பி மெலிந்து போயிருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.