கொலராடோ ஆய்வுக்கு எந்த ஆண்டை எல்லையாக வைப்பது?

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பெரியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்து வரி போட்டதன் விளைவை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறீர்கள். 2012ஐ வைத்து முன், பின் என்று பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே கோடு போதாது. கஞ்சாவை அனுமதித்த மாநில அரசியல் சாசனத்தின் 64ஆம் திருத்தம் வாக்கெடுப்பில் வென்றது 2012 நவம்பரில்; கடைகள் திறந்ததோ 2014 ஜனவரி 1இல். கைது எண்ணிக்கைக்கு 2012ஐ எல்லையாக வையுங்கள், விற்பனைக்கும் வரிக்கும் 2014ஐ. சிறப்பு விற்பனை வரி 2017 ஜூலையில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மருத்துவக் கஞ்சாக் கடைகள் 2009 வாக்கிலேயே பெருகிவிட்டதால் உங்கள் 'முன்' காலமும் சுத்தமானதல்ல.

சாலை விபத்துத் தரவில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கஞ்சாவின் தடயம் போதை தெளிந்து பல நாள் கழித்தும் உடம்பில் தங்கும். இறந்த ஓட்டுநரிடம் அது இருந்தது என்பதாலேயே போதையில் ஓட்டினார் என்று ஆகிவிடாது. சோதனை அதிகமானாலே எண்ணிக்கையும் ஏறும். எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

ஒப்பீட்டுக்குப் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவை எடுக்காதீர்கள். கொலராடோ கஞ்சா எல்லை தாண்டி வருகிறது என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போன மாநிலம் அது. தள்ளியிருக்கும் மாநிலங்களாகப் பாருங்கள்.