ஊசி எடுத்தா கை நடுங்குது டாக்டர், நான் நர்சிங்க விட்டுடவா?

கேள்வி: நர்சிங் டிப்ளோமா ரெண்டாவது வருஷம். மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்ல இருந்து ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு போஸ்டிங் வர்றேன். ஊசி எடுத்தாலே கை நடுங்குது. போன வாரம் சிஸ்டர் பேஷண்ட் முன்னாடியே ஏசிட்டாங்க, அதுல இருந்து தூக்கமே இல்ல. ஊசி வேலை வந்தா கூட்டாளிகிட்ட தள்ளி விட்டுடறேன். எனக்கு இது சரிப்பட்டு வராதா?

பதில்: விடாதே தங்கச்சி. பயந்தா உடம்புல அட்ரினலின் ஏறும், அதுதான் கை நடுக்கமும் நெஞ்சு படபடப்பும், உன் திறமைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பசியாறாம வெறும் வயித்துல கோப்பி குடிச்சிட்டு போனா இன்னும் கூடும்.

எனக்கு கவலை நடுக்கம் இல்ல, நீ தள்ளி விடுறதுதான். தள்ளி விட்டதும் அப்பாடான்னு இருக்கும், ஆனா "தப்பிச்சோம்"னு மனசு பழகிடும், அடுத்த தடவை பயம் இன்னும் பெருசா வரும். பண்டூரான்னு ஒரு உளவியல் அறிஞர் 1977லயே எழுதினாரு, ஒரு வேலைய நாமளே செஞ்சு முடிக்கறப்போ வர்ற நம்பிக்கைதான் ரொம்ப பலமானதுன்னு, "தைரியமா இரும்மா"ன்னு அடுத்தவங்க சொல்றது அதுக்கு அப்புறம்தான். அதனால முதல்ல லேப்ல பொம்மைக் கையில போட்டு போட்டு பழகு, அப்புறம் வார்டுல உனக்கு ஒத்துப் போற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்கள "பக்கத்துல நில்லுங்கக்கா"ன்னு கேட்டுட்டு நீயே போடு. போறதுக்கு முன்னாடி மூச்ச 4 எண்ணி இழுத்து 6 எண்ணி மெதுவா விடு, அஞ்சாறு தடவை. அப்பவும் கை நிக்கலன்னா சொல்லிட்டு நிறுத்திக்கோ, அது பேஷண்டுக்காக செய்றது, ஓடி ஒளியறது இல்ல.

சிஸ்டர் என்ன சொல்லி ஏசினாங்கன்னு நீ எழுதல. "போட்ட ஊசிக்கு திரும்ப மூடி போடாதே"ன்னு சொல்லியிருந்தா அத கெட்டியா பிடிச்சுக்கோ, மூடறப்போ கையில குத்திக்காம உன்ன காப்பாத்துற பாடம் அது. "நீயெல்லாம் ஏன் நர்சிங் வந்த"ன்னு கேட்டிருந்தா அது பாடமே இல்ல, படிக்க வந்த பிள்ளைய பேஷண்ட் முன்னாடி அப்படி பேசறது தப்பு, அத உன் டியூட்டர்கிட்ட போய் சொல்லு.

வீட்ல சும்மா இருக்கறப்பவும் கை நடுங்கி, எடையும் குறைஞ்சா தைராய்டுக்கு ரத்தம் செக் பண்ணணும். தூக்கமில்லாம, எதுலயும் மனசு ஒட்டாம ரெண்டு வாரம் ஓடிட்டா கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போ, மனநிலைய பத்தி கேள்வி உள்ள பாரம் குடுத்தா மறைக்காம நிரப்பு. வெளிய போக முடியலன்னா சுகாதார அமைச்சோட மனநல உதவி ஃபோன், ஹீல் லைன் 15555க்கு அடி. செத்துடலாம்னு ஒரு நினைப்பு வந்தாக்கூட தனியா இருக்காதே, வீட்ல யாரையாவது எழுப்பி அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்கு வந்துடு.